போன் தலைமாட்டில்தான் இருந்தது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். முப்பத்து நாலு வருஷம் பேங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிட்டவன் நான். மைக் பழக்கம் கிடையாது. கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை, வெறும் பி.காம். இருந்தாலும் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராது. அந்தக் குணத்தால்தான் இந்த விஷயம் என் தலையில் விழுந்தது.

போன ஐப்பசியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பி பிளாக் இரண்டாவது மாடி சார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார். அன்றைக்கு அடைமழை. ராத்திரி 1.50-க்கு அவருக்கு நெஞ்சுவலி. அவர் வீட்டம்மா பதறாமல் சரியான காரியம் செய்தார்கள். நம் கேட் ஆப்பில் சிவப்பாக ‘அவசரம்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினார்கள். அழுத்தினால் கமிட்டி ஆட்கள் ஐந்து பேர் போனிலும் சத்தம் வர வேண்டும். அதற்காகத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

ஐந்து பேரில் ஒருவர்தான் வந்தார், நம் பொருளாளர். அவர் தூங்கவில்லை. ஏதோ வெளிநாட்டு மேட்சைப் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப் போய் 108-க்குப் பேசி, லிஃப்டைப் பிடித்து நிறுத்தி, ஆம்புலன்ஸ் உள்ளே வரக் கேட்டைத் திறந்து வைத்ததெல்லாம் அவர் ஒருவர்தான். சார் பிழைத்தார். இப்போது ஸ்டென்ட் வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறார்.

என் போன் தலைமாட்டில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தால் திரையில் ‘1.52 – அவசரம்’ என்று நிற்கிறது. மூன்று மணி நேரம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆப் வேஸ்ட், தூக்கிப் போடு, வேறு வாங்கு என்று எழுபது எண்பது மெசேஜ். ஆப் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். ஐந்து பேருக்கும் 1.52-க்கே அனுப்பியாயிற்று என்றார்கள். அவர்கள் அனுப்பினோம் என்கிறார்கள், நாம் கேட்கவில்லை என்கிறோம். இரண்டுமே உண்மை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. உங்கள் ரொக்க ஏட்டில் செக் கொடுத்ததாக இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அந்தப் பற்று இருக்காது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, செக் வழியில் எங்கேயோ நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்று தேடத்தான் ரீகன்சிலியேஷன் போடுகிறோம். அதேபோல இதற்கும் ஒன்று போட்டுப் பார்த்தேன்.

அந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் இரண்டு காலம் இருந்தது. ஒன்று அனுப்பிய நேரம், இன்னொன்று போனில் சேர்ந்த நேரம். நான்கு பேருக்கு இரண்டும் 1.52. செயலாளர் போனுக்கு மட்டும் சேர்ந்த நேரம் 2.37. ஆக, வியாதி இரண்டு வகை. ஒன்று, செய்தி நேரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் ஊமையாக வந்தது. இரண்டாவது, செய்தி நேரத்துக்கு வந்தே சேரவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் ‘ஆப் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மதியம் 12 மணிக்கு பட்டனை அழுத்தச் சொல்லி ஐந்து போனையும் என் வீட்டு டைனிங் டேபிளில் வைத்துப் பார்த்தோம். என் போனிலும் ஏ பிளாக் இணைச் செயலாளர் போனிலும் சத்தம் இல்லை. மற்ற மூன்றும் அடித்தன. ராத்திரி வாய் திறக்காத செயலாளர் போனும், சி பிளாக் டீச்சரம்மா போனும் மதியம் நன்றாகவே கத்தின. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பகலில் கையில் வைத்துக்கொண்டு சோதித்தால் நன்றாக இருக்கிற போன், ராத்திரி கைவிடுகிறது. டிரயல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டேலி ஆகியும் உள்ளே தப்பு இருக்குமே, அந்த மாதிரி.

என் போனின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். ஆண்ட்ராய்டு போன்களில் 2017-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஆப்பின் அறிவிப்புகளும் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. விசிட்டர் வந்திருக்கிறார் என்பது ஒரு வகை, சங்க நோட்டீஸ் ஒரு வகை, இப்படி. ஒவ்வொரு வகைக்கும் தனியாகச் சத்தம், தனியாக அமைதி. என் மருமகள் தினம் நாலு பார்சல் வரவழைப்பாள். ஒவ்வொரு பார்சலுக்கும் என் போன் டிங் என்று அடிக்கும். ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் எரிச்சலோடு அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து, வந்த மெனுவில் சைலன்ட் என்பதைத் தட்டிவிட்டேன். தட்டியதே எனக்கு ஞாபகம் இல்லை. அந்தச் சமயத்தில் நம் ஆப்பில் விசிட்டரும் அவசரமும் ஒரே வகையில் இருந்தன. பார்சலை ஊமையாக்கினேன், நெஞ்சுவலியும் சேர்ந்து ஊமையாகிவிட்டது.

முழுத் தப்பும் என் மேல் இல்லை என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். அவசரத்தையும் பார்சலையும் ஒரே வகையில் வைத்தது ஆப் செய்தவர்கள். முதலில் அவர்கள் ‘அடுத்த அப்டேட்டில் பெரிய சத்தம் வைத்துவிட்டோம்’ என்றார்கள். அப்டேட் செய்தேன், மறுபடியும் ஊமை. ஏனென்றால் ஒரு வகை ஒருமுறை போனில் உருவாகிவிட்டால், அதன் சத்தத்தை ஆப்பே நினைத்தாலும் மாற்ற முடியாது. போனின் சொந்தக்காரர்தான் மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் நாமினி பெயரை பேங்க் மாற்றக் கூடாது என்கிற மாதிரி நல்ல விதிதான், அன்றைக்கு எனக்கு எதிராகப் போயிற்று. பிறகு சங்கத்தின் பெயரில் கடிதம் போட்டோம். அவசரத்தைப் புது வகையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். புது வகை என்பதால் அது சத்தத்தோடு வந்தது. நீங்களும் வீட்டுக்குப் போனதும் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் நம் ஆப், அதில் நோட்டிபிகேஷன்ஸ் என்று போய்ப் பாருங்கள். ‘அவசரம்’ என்று தனி வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஆப்பை வைத்திருக்கிறீர்கள்.

இணைச் செயலாளர் போன் வேறு ரகம். அவருக்குப் போன் வந்தால் தெருமுனை வரை கேட்கும். அதனால் தன் போனில் குறை இருக்கும் என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. போனுக்குள் சத்தம் ஒன்றில்லை. அழைப்பு மணிக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று, பாட்டு வீடியோவுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று என்று தனித்தனி. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் பல போன்களில் பாட்டுச் சத்தம்தான் ஏறும். கூடவே வருகிற மூன்று புள்ளியையோ சின்ன அடையாளத்தையோ தட்டினால்தான் எல்லாக் கோடுகளும் தெரியும். அவருடைய அறிவிப்புக் கோடு பூஜ்யத்தில் இருந்தது. பேரன் வேலை என்றார். இருக்கலாம்.

‘சைலன்டில் போட்டாலும் காலை அலாரம் மட்டும் எப்படி சார் அடிக்கிறது?’ என்று டீச்சரம்மா கேட்டார்கள். நல்ல கேள்வி. அலாரத்துக்குத் தனி வழி. அழைப்பு மணியை அமைதியாக்கினாலும் அலாரத்தின் கோடு தொடப்படுவதில்லை. ஆப் செய்கிறவர்கள் தங்கள் அவசர ஒலியை அலாரம் வழியில் விடும்படியும் எழுதலாம். எல்லோரும் அப்படி எழுதுவதில்லை.

டீச்சரம்மாவின் போனில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்பது ராத்திரி 10 முதல் காலை 6 வரை தானாக விழும்படி வைக்கப்பட்டிருந்தது. நல்ல தூக்கத்துக்காக மகன் செய்து கொடுத்தது. அதை எடுக்க வேண்டாம், விதிவிலக்கு கொடுத்தால் போதும். ‘அவசரம்’ வகைக்குள் போனால், தொந்தரவு வேண்டாம் நேரத்திலும் இதை அனுமதி என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுக் கொடுத்தேன்.

செயலாளருடையதுதான் மூன்று நாள் எடுத்தது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பிலிருந்தே ஒரு ஏற்பாடு உண்டு. சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கிற போன், பேட்டரியை மிச்சம் பிடிக்க அரைத்தூக்கத்துக்குப் போய்விடும். வருகிற செய்திகளை ஒன்று சேர்த்து, இடைவெளி விட்டு விட்டுத்தான் வாங்கும். மிக அவசரம் என்று முத்திரை குத்தி அனுப்பினால் உடனே எழும். நம் ஆப் அப்படித்தான் அனுப்புகிறது. ஆனால் சில போன் கம்பெனிகள் இதற்கு மேல் தங்கள் சொந்தப் பூட்டு ஒன்று போடுகின்றன. பல நாள் திறக்காத ஆப்பை ஆழ்ந்த தூக்கப் பட்டியலில் தள்ளிவிடும். செயலாளர் வீட்டில் கேட் ஆப்பைப் பார்ப்பது அவர் மனைவி. இவர் அதைத் திறந்து மாசக்கணக்காகிறது. பூட்டு விழுந்துவிட்டது. மதியம் எப்படி அடித்தது? சோதனைக்கு முன்னால் ‘இருக்கிறதா பார்ப்போம்’ என்று ஆப்பைத் திறந்து பார்த்தாரே, அதிலேயே அது விழித்துக்கொண்டது. பேட்டரி செட்டிங்ஸில் போய் அந்தப் பட்டியலிலிருந்து நம் ஆப்பை எடுத்து, கட்டுப்பாடு வேண்டாம் என்று வைத்தோம். மெனுவின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் ஒரே வழி சொல்ல முடியவில்லை. போனைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு பதின்மூன்றிலிருந்து அறிவிப்பு காட்டலாமா என்று ஆப் முதலிலேயே அனுமதி கேட்கும். பாதிப் பேர் படிக்காமலே ‘வேண்டாம்’ தட்டுகிறார்கள். அப்புறம் சத்தம் எங்கிருந்து வரும்?

ஐபோன் வைத்திருக்கிற வீடுகளுக்கு: அதில் அமைதிச் சுவிட்சையும் மீறி அடிக்கிற ‘கிரிட்டிக்கல் அலர்ட்’ என்று ஒன்று 2018 முதல் உண்டு. அதை எல்லா ஆப்பும் பயன்படுத்த முடியாது, ஆப்பிள் கம்பெனியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நம் ஆப்புக்கு அது இன்னும் இல்லை, கேட்டிருக்கிறோம். அதுவரை ஃபோகஸ் மெனுவில் நம் ஆப்பை அனுமதித்து வையுங்கள்.

ஒலி எது என்பதிலும் கமிட்டியில் பெரிய விவாதம். ஒருவர் கெட்டிமேளம் வைக்கலாம் என்றார். ஐபோனில் அறிவிப்பு ஒலி 30 வினாடிக்கு மேல் போனால் அதை ஒதுக்கிவிட்டு வழக்கமான டிங்தான் அடிக்கும், அதனால் முழு மேளம் நடக்காது. இன்னொருவர் கோயில் மணி என்றார். ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி வாழ்கிற நமக்கு மணிச் சத்தம் தாலாட்டு மாதிரி, யார் எழுந்திருப்பார்கள்? பிள்ளையார்பாளையத்தில் என் சிநேகிதர் ஒருவர் தறி வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். பக்கத்தில் தறி ஓடும்போது நிம்மதியாகத் தூங்குவார். தறி நின்றால் எழுந்து ‘என்ன, இழை அறுந்துதா?’ என்பார். பழகிய சத்தம் ஆளை எழுப்பாது. கடைசியில் எங்கேயும் கேட்காத ஒரு அசிங்கமான சைரனை வைத்தோம். அசிங்கமாக இருக்கிறது என்று புகார் வந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

இது கேட் ஆப்போடு முடிகிற விஷயம் இல்லை. இந்த ஹாலில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்? கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை இறங்கினால் போனில் அலாரம் அடிக்கும்படி வைத்திருப்பவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்துத் துறை இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. போன் செட்டிங்ஸ் காரணமாக இந்த எச்சரிக்கைகள் வராமலோ கேட்காமலோ போனதாகப் பலர் புகார் செய்ததாகவும், அதனால் சர்க்கரை மிகவும் இறங்கிப் போனது முதல் மரணம் வரை நேர்ந்திருக்கலாம் என்றும் அதில் இருந்தது. காரணங்களைப் படித்தபோது எங்கள் டைனிங் டேபிளைப் படிக்கிற மாதிரியே இருந்தது. தொந்தரவு வேண்டாம் நிலை, பல நாள் திறக்காத ஆப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவது, புதிதாக ப்ளூடூத் இயர்போனோ வேறு கருவியோ இணைத்ததில் ஒலி அளவு மாறிப்போவது. மாதம் ஒருமுறையாவது எச்சரிக்கை செட்டிங்ஸைச் சரிபார்க்கவும், போனின் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகும் புதுக் கருவி இணைத்த பிறகும் கட்டாயம் பார்க்கவும் சொல்லியிருந்தார்கள். நாம் தனியாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன், அது போயிற்று.

அப்புறம் மழை. நம் மாவட்டத்துக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததும் ராத்திரிதான். 2021 நவம்பரில் பாலாற்றில் லட்சம் கனஅடிக்கு மேல் போனதை நம்மில் பலர் பாலத்தில் நின்று பார்த்தோம், பார்த்திருக்கக் கூடாது. தமிழக அரசின் டிஎன்-அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் என்று இரண்டு ஆப்கள் இருக்கின்றன. இரண்டையும் என் போனில் வைத்திருக்கிறேன். நான் மேலே சொன்ன நாலு கோளாறும் இவற்றுக்கும் வரும்.

ஆனால் 2023-ல் ஒரு நாள் ஊரே ஒரே நேரத்தில் அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று வந்தது. அது ஆப் இல்லை. டவரிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்துப் போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது. இன்டர்நெட் வேண்டாம், உங்கள் நம்பரும் தேவையில்லை. போனின் ஓ.எஸ்.ஸே அந்த ஒலியை எழுப்புவதால் ஆப் தூங்கிவிட்டதா என்ற கேள்வியே இல்லை. அன்றைக்கு உங்கள் போன் மட்டும் சும்மா இருந்திருந்தால், செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடிப் பாருங்கள், யாராவது அணைத்து வைத்திருப்பார்கள். அன்று பயந்துபோய் அணைத்தவர்கள் நம் வளாகத்திலேயே மூன்று பேர்.

இப்போது கமிட்டி எடுத்த முடிவைச் சொல்கிறேன். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் கேஷியர் காலடியில் ஒரு அலாரம் ஸ்விட்ச் இருக்கும். கொள்ளைக்காரன் வந்தால் காலால் மிதிக்க வேண்டும். தினம் காலையில் மிதித்துப் பார்த்து, ‘இயங்குகிறது’ என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பதினோரு நாள் நான் மிதிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மிதித்தார், சத்தம் இல்லை. எலி வயரைக் கடித்திருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. நல்ல வேளை, அந்தப் பதினோரு நாளில் யாரும் வரவில்லை.

அதனால் இனி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, ராத்திரி சரியாக 10.15-க்கு சோதனை. ஏன் அந்த நேரம் என்றால், போனைச் சார்ஜரிலிருந்து எடுத்து, 9 மணியிலிருந்து தொடாமல் வைத்திருக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு சோதிப்பது சோதனையே இல்லை. கமிட்டி ஐந்து பேர் மட்டுமல்ல, ஒவ்வொரு மாடியிலும் விருப்பப்பட்ட ஒருவர் சேரலாம். செக்யூரிட்டி கேபினில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மறுநாள் காலை அதில் உங்கள் கையால் எழுத வேண்டும்: சத்தம் வந்ததா, எத்தனை மணிக்கு. வாட்ஸ்அப்பில் கட்டை விரல் காட்டினால் செல்லாது.

ஆப்பை மட்டும் நம்பி உட்காரவும் வேண்டாம். பட்டன் அழுத்திய கையோடு யாருக்காவது போன் போடுங்கள். எடுக்கவில்லையென்றால் உடனே அதே நம்பருக்கு இரண்டாம் முறை போடுங்கள். தொந்தரவு வேண்டாம் நிலையில் இருந்தாலும், அதே ஆள் சில நிமிஷத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணியடிக்கிற ஏற்பாடு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. ‘ரிபீட் காலர்’ என்ற சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கமிட்டி ஐந்து பேருடையதையும் போட்டுவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் அந்த மூலை டேபிளில் இருப்பேன், போனோடு வாருங்கள். பாஸ்வேர்டு எல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே திறந்து கொடுங்கள். முதல் ஆளாக முன்வரிசை சார் போனை நேற்றே வாங்கிப் பார்த்துவிட்டேன். அதில் அறிவிப்புச் சத்தம் பூஜ்யத்தில் இருந்தது.